டாலரை மணப்பாறைக்கு அனுப்புவது குறித்து

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்.
ஆவணி மாதம், திங்கட்கிழமை.

அன்புத் தம்பி மாதவனுக்கு,

அக்கா அனுசுயா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கு அனைவரும் என்றால் நானும் உன் நாயும்தான். நாய் நலம். என்னைப் பற்றி நீ கேட்டதில்லை என்பதால் நானும் சொல்லப்போவதில்லை.

நீ இருக்கிற மன்னார்புரத்துக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம், எதற்காக இந்த அக்கா ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. நேற்று நீ அனுப்பிய செய்தி இதோ என் முன்னால் இருக்கிறது: "அக்கா, மணப்பாறைல ஃப்ரெண்டு தோட்டத்துக்குக் காவலுக்கு ஒரு நாய் வேணுமாம். டாலரைக் குடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை காலைல வண்டி வரும்." கடைசியில் ஒரு சிரிப்பு முகம் வேறு. நல்லது தம்பி. ரொம்ப சந்தோஷம். தாராளமாக வண்டியை அனுப்பு. எனக்கு விட்டது தொல்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த ஐந்து மாதம் நான் பட்டதை நீ ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். நடுவில் மீட்டிங் வந்தால் எழுந்து வெளியே போய்ப் படி.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். ஜன்னலுக்கு வெளியே முக்கால்வாசி நாய் தொங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டே வாரம்க்கா. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். பெயின்ட் வாசனை அதுக்கு ஒத்துக்காது. ரொம்ப சாது, சொன்னா கேக்கும்" என்றாய். யார் சொன்னால் கேட்கும் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. ஐந்து மாதமாகப் பெயின்ட் அடிக்க நீ குடியிருப்பது மூன்று அறை ஃபிளாட்டா, ராஜகோபுரமா? ஒரு சங்கிலி, விளிம்பு உடைந்த ஒரு கிண்ணம், பாதி காலியான ஒரு தீவனப் பை, இவ்வளவையும் வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் காரை எடுத்தாய். நாய் காருக்குப் பின்னாலேயே தெருமுனை வரை ஓடியது. நீ கண்ணாடியில் பார்த்திருப்பாய். நிறுத்தவில்லை.

முதல் நாள் என் செருப்பில் இடது காலைத் தின்றது. இரண்டாவது நாள் புதுச் செருப்பு வாங்கினேன். அதிலும் இடது கால். மூன்றாவது நாள் கொடியில் காய்ந்த என் புடவையின் முந்தானையைக் கவ்விக்கொண்டு தோட்டத்தை மூன்று முறை சுற்றியது. நான்காவது நாள்தான் பெரிய விபரீதம். எதிர்வீட்டு அழகம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்று என்னிடம் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இது எங்கிருந்தோ வந்து இரண்டு முன்னங்கால்களையும் அந்த அம்மாவின் தோளில் வைத்தது. அவர் சுவரில் சாய்ந்து தப்பித்தார். கிண்ணம் மேலே போய்த் தலைகீழாக இறங்கியது. இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று நின்றார்கள், அந்த அம்மாவும் நாயும்.

"டீச்சர், இது நாயா, குஸ்தி பயில்வானா? எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது. கீழ விழுந்திருந்தேன்னா யார் பதில் சொல்றது? இன்னொரு தடவை மேல பாஞ்சுச்சுன்னா நான் கார்ப்பரேஷனுக்குப் போன் பண்ணிடுவேன். அப்புறம் பழகின முகம்னு பாக்க மாட்டேன்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக எதிரெதிர் வீடு. ஒரு நாள் குரல் உயர்ந்ததில்லை. அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நான்தான் தலை குனிந்து நின்றேன், உன் நாய்க்காக.

சரி, ஒழுங்கு கற்றுக்கொடுக்க எனக்கா தெரியாது என்று மறுநாள் விடிந்ததும் பீரோவைத் திறந்து விசிலை எடுத்தேன். உனக்குத் தெரியும், முப்பத்து நான்கு வருடம் நான் டிரில் டீச்சர். அந்த விசிலுக்கு எண்ணூறு பெண்கள் வைத்த காலை வைத்தபடி நின்றிருக்கிறார்கள். பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்ற ஆண்கள்கூட நிமிர்ந்து நின்றிருக்கிறார்கள். தோட்டத்தில் நின்று நன்றாக மூச்சை இழுத்து ஊதினேன். உன் நாய் கட்டிலுக்கு அடியில் போனது போனதுதான், பதினொரு மணி வரை வெளியே வரவில்லை. அப்புறம் எப்படி வந்தது என்கிறாய்? சாப்பாட்டுக்குக் குக்கர் வைத்திருந்தேன். அது விசிலடித்த உடனே ஓடி வந்து அடுப்படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறது! மாவட்ட அளவில் பதினேழு கோப்பை வாங்கிக் கொடுத்த விசிலுக்கு மரியாதை இல்லை, மூன்று லிட்டர் குக்கருக்கு இருக்கிறது.

வெளியே நடத்திக்கொண்டு போவதை ஏன் கேட்கிறாய்! நான் நாயை நடத்திக்கொண்டு போனதாக இந்தத் தெருவில் ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். குண்டு எறிதலில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த கை இது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக இளநீர் வண்டிக்குள் போய்விட்டது. காய்கள் உருண்டன. நானும் ஏறக்குறைய உருண்டேன். வண்டிக்காரர் நல்ல மனுஷன், ஒன்றும் திட்டவில்லை. "பாத்துப் பாட்டி" என்றார். பாட்டியாம்! இதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். சங்கிலியை மாட்டலாம் என்று நான் குனிவதற்குள் நாய் வெளியே பாய்ந்துவிட்டது. நானும் சங்கிலியோடு பின்னாலேயே ஓடினேன். உத்திர வீதித் திருப்பத்தில் ஆளைக் காணோம். எனக்குப் பதற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பூக்கடை வாசலில் நின்று, "ஐயோ, என் டாலரைக் காணோமே! யாராவது என் டாலரைப் பாத்தீங்களா?" என்று கத்திவிட்டேன்.

உலகத்தில் ஆயிரம் பெயர் இருக்க, நாய்க்கு டாலர் என்று பெயர் வைத்த உன் புத்தியை என்னவென்று சொல்வது? கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே குனிந்து தேட ஆரம்பித்தார்கள். பூக்காரம்மா கூடையைத் தூக்கிக் கீழே பார்த்தார். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு சாக்கடை ஓரமாகக் குச்சியை விட்டுக் கிளறினார். நாலு நிமிஷத்தில் அந்த வீதியில் நிமிர்ந்து நின்றது நான் ஒருத்திதான்.

"செயினோட விழுந்துச்சாம்மா, டாலர் மட்டும் கழண்டு விழுந்துச்சா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"செயின் இங்கதாங்க இருக்கு. டாலர்தான் போயிடுச்சு" என்று கையிலிருந்த நாலடி இரும்புச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினேன்.

அந்தப் பெண் சங்கிலியைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். "எத்தனை பவுன் இருக்கும்?" என்று சாக்கடையிலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

"முப்பத்திரண்டு கிலோங்க. பழுப்பு நிறம். காது ரெண்டும் தொங்கும்."

அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று விவரிக்கப்போவதில்லை. கோபப்பட்டவர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பழக்கடை ஓரமாக உன் நாயின் தலை தெரிந்தது. நான் துரத்தினேன். அது பத்தடி தள்ளி நின்று, நாக்கைத் தொங்கவிட்டு, நான் நெருங்கும் வரை பொறுமையாகப் பார்க்கும். கை நீட்டினால் ஓடும். இப்படியே மூன்று வீதி. கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தால், எனக்கு முன்னாலேயே வந்து கேட்டுக்குள் படுத்திருக்கிறது.

வாசலில் ஒரு ஸ்கூட்டர். முப்பது வயதில் ஒரு பெண், ஜீன்ஸும் சட்டையுமாக. "மிஸ், நீங்க அனுசுயா மிஸ்தானே? நான் யமுனா. ரெண்டாயிரத்து ஒம்பது, பத்தாவது 'பி' செக்‌ஷன். பூக்கடைகிட்டயே உங்களைப் பாத்தேன். பின்னாடியே வந்துட்டேன்" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பது தெரிந்தது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். நாய்களைப் பழக்குகிற வேலையாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பாளாம். என்னிடம் படித்த பெண், நாய்க்கு டிரில் டீச்சர்! எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சரி, நாளைக் காலை வா என்றேன்.

வந்தாள். வந்தவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாயைக் கூப்பிடவில்லை, தொடவில்லை, பார்க்கக்கூட இல்லை. அரை மணி நேரம் ஆயிற்று. "எப்ப ஆரம்பிக்கப்போற?" என்றேன். "ஆரம்பிச்சாச்சு மிஸ்" என்றாள். பார்த்தால் நாய் தானாகவே போய் அவள் மடியை முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அப்புறம்தான் கேள்வி கேட்டாள். இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தான்? என் தம்பி வீட்டில். வீட்டில் எந்த இடத்தில்? அது எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன், நினைவிருக்கிறதா? "பால்கனிக்கா. காலைல எட்டுல இருந்து நைட் எட்டு வரைக்கும் கட்டிப் போடுவோம். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம்ல" என்று பதில் போட்டாய். அந்தப் பதிலை அவளிடம் படித்துக் காட்டினேன். எனக்குப் படிக்கவே வாய் வரவில்லை மாதவா.

"மிஸ், ஒன்றரை வருஷம் பன்னெண்டு பன்னெண்டு மணி நேரம் தனியா நின்னவன். மனுஷங்களைப் பாத்தா பாயத்தான் செய்வான். அது கோவம் இல்ல, சந்தோஷம். எப்படிக் காட்டறதுன்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான். இவன்கிட்ட ஒரு கோளாறும் இல்ல. பழக வேண்டியது நீங்க" என்றாள்.

என் வீட்டில், என் நாற்காலிக்கு எதிரில், என்னிடம் பத்தாவது படித்தவள் சொல்கிறாள்! அன்றே அவளை அனுப்பியிருப்பேன். அழகம்மாளின் முழங்காலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விசில் பீரோவுக்குள் போனது. இரும்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிப் போடுகிற துணிப் பட்டை ஒன்றை மாட்டினாள். அவன் இழுத்தால் நான் இழுக்கக் கூடாதாம், அப்படியே நின்றுவிட வேண்டுமாம், கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. மேலே பாய்ந்தால் திட்டக் கூடாதாம், தள்ளக் கூடாதாம், கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்க வேண்டுமாம், நாலு காலும் தரையில் இருந்தால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. நான் சைவம் என்றேன். "கோழி உங்களுக்கு இல்ல மிஸ்" என்றாள். ஓடிப்போனால் துரத்தக் கூடாதாம். துரத்தினால் அவனுக்கு அது விளையாட்டு. குரலில் குதூகலத்தோடு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் ஓட வேண்டுமாம். அப்போது அவன் என்னைத் துரத்துவானாம். இந்த வயதில்! புடவையோடு!

இழுத்தால் நிற்கிற பாடத்தை மறுநாளே தொடங்கினேன். வீட்டிலிருந்து டீக்கடைக்கு இருநூறு அடி இருக்கும். நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று அடிக்கு ஒரு தடவை நடுத்தெருவில் மரம் மாதிரி நிற்கிறேன். டீச்சருக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று தெருவே பேசியது. ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "உங்க வீடு அந்தப் பக்கம் டீச்சர்" என்று காட்டினார். இத்தனையும் உன்னால்.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. பாராட்ட வேண்டும் என்றாளே, அங்கேதான் எனக்குக் கஷ்டம். அவன் முதல் தடவையாகச் சொன்னபடி உட்கார்ந்தான். "சொல்லுங்க மிஸ்" என்றாள் யமுனா. "பரவாயில்ல" என்றேன். நாய் என்னைப் பார்த்தது, வால் அசையவில்லை. "மிஸ், பரவாயில்லன்னு சொன்னா எந்த நாயும் வாலாட்டாது" என்றாள். அதுதானம்மா நான் வழக்கமாகச் சொல்வது, அதற்கு மேல் நான் யாருக்கும் சொன்னதில்லை என்றேன்.

"தெரியும் மிஸ். பத்தாவதுல நானூறு மீட்டர் ஓடி ரெண்டாவது வந்தேன். செருப்பில்லாம ஓடினேன். வந்து உங்க முன்னாடி நின்னேன். நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா?"

"என்ன கேட்டேன்?"

"மொதல்ல வந்தவ எங்கேன்னு கேட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஓட்டப் பந்தயம் நினைவில்லை மாதவா. முதலில் வந்தவள் பெயர்கூட நினைவில்லை. இவள் பதினாறு வருடமாக வைத்திருக்கிறாள். உன் நாயை நான் வீட்டில் சேர்த்திருக்காவிட்டால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன் அல்லவா? இதுவும் உன் கணக்கில்தான்.

வீட்டுப்பாடம் வேறு கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஐந்து பேரை வாய்விட்டுப் பாராட்ட வேண்டும், குரல் பழகுவதற்காக. எதிர்வீட்டில் ஆரம்பித்தேன். "அழகம்மா, கோலம் ரொம்ப அழகா இருக்கு" என்றேன். அந்த அம்மா கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றார். பால்காரரிடம் பால் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் பயந்துபோய், "நான் தண்ணி கலக்கலங்க" என்றார். ஆனால் இரண்டு வாரத்தில் அழகம்மாள் இன்னும் பெரிய கோலமாகப் போட ஆரம்பித்தார். போட்டுவிட்டு நான் வெளியே வரும் வரை வாசலிலேயே நிற்பார். ஒரு நாள் பயந்துகொண்டே எங்கள் கேட்டுக்குள் வந்தார். டாலர் எழுந்தான், உடம்பெல்லாம் துடித்தது, முன்னங்கால் இரண்டும் ஒரு தடவை தரையை விட்டு எழும்பின. என்னைத் திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். "அட, உக்காந்துட்டானே!" என்று அந்த அம்மா தலையில் கை வைத்தார். நான் "சபாஷ்டா! என் ராஜா!" என்று கத்திய சத்தத்தில் அழகம்மாள்தான் திடுக்கிட்டார்.

இப்போது போன முகூர்த்த நாளுக்கு வருகிறேன். சாயங்காலம் ஆறு மணி. அம்மா மண்டபம் ரோட்டில் டாலரும் நானும் நடந்து வருகிறோம், கயிறு தளர்வாக, பார்ப்பவர்கள் கண் படுகிற மாதிரி. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பு, கார், பேண்டு செட். நான் ஒதுங்கி வருவதற்குள் ஒரு மகானுபாவன் ஐயாயிரம் வாலா சரத்தைக் கொளுத்திப் போட்டான். டாலர் பின்னால் நெளிந்து பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டான். நடு ரோடு. காவிரிப் பாலத்துப் பக்கமாகத் தலைதெறிக்க ஓடுகிறான். எதிரில் டவுன் பஸ் வருகிறது, அதன் பின்னால் இன்னொன்று. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஹாரனுக்கு மிரண்டு இவன் இன்னும் நடுவில் போகிறான்.

என் கால் தானாக அவன் பின்னால் ஓட எழுந்தது. நான் ஒரு அடி வைத்தால் அவன் பத்து அடி பஸ்ஸை நோக்கிப் போவான் என்று எப்படித் தோன்றியதோ தெரியாது. நான் திரும்பினேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். "டாலர்க் குட்டீ! என் செல்லமே! வாடா வாடா வாடா! அம்மாவைப் பிடி பாப்போம்!" என்று எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் பாடிக்கொண்டு, நாய்க்கு முதுகைக் காட்டி, கல்யாண ஊர்வலத்துக்குள் ஓடினேன். பேண்டு செட்டுக்காரர்கள் நான் மாப்பிள்ளை வீட்டு மனுஷி, ஆடத்தான் வருகிறேன் என்று நினைத்து வேகமான தாளத்துக்கு மாறிவிட்டார்கள். கூட்டம் விலகி வட்டமாக நின்று கைதட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். பஸ் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம் என்ன கேட்குமோ என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

என் முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஒரு மூக்கு இடித்தது.

அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என் மடியில் முழு உடம்பையும் ஏற்றிக்கொண்டு நடுங்கினான். என் கண் கலங்கியிருந்தது என்று யாராவது உனக்குச் சொன்னால், அது வெடிப்புகை. பஸ் டிரைவர் இறங்கி வந்து, "நாய் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளையே வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ஆனால் எவளோ ஒருத்தி எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து, என் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். "மிஸ் ஓடுறாங்கடி!" என்று நூற்று முப்பது பேர் எழுதியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களை ஓடச் சொன்னேனே தவிர, நான் ஓடி ஒருத்தியும் பார்த்ததில்லை. யமுனா மட்டும் தனியாகப் போன் செய்தாள். "சூப்பர் மிஸ்" என்றாள். நான் பதிலுக்கு, "அந்த நானூறு மீட்டர் நீ நல்லா ஓடியிருப்ப யமுனா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். கட்டாகவில்லை.

அன்றிலிருந்து இவன் என்னை ஒரு நிமிடம் விடுவதில்லை. சமையலறைக்குப் போனால் வருகிறான், குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறான். கோயிலுக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆனால், கேட்டுக் கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறானாம், அழகம்மாள் சொல்கிறார். நான் ரிட்டயரானது நிம்மதியாக இருப்பதற்கு. எனக்கு இது தேவையா, நீயே சொல்.

ஆகவே வண்டியை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தயாராக இருப்பான். ஆனால் அந்த மணப்பாறைக்காரரிடம் சிலது சொல்லிவிடு. சங்கிலி கூடாது. மிக்சி ஓடினால் பயப்படுவான், முதலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மிக்சியைப் போட வேண்டும். மோர் சாதத்தில் உப்பு போடக் கூடாது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போவான், அப்போது கூப்பிடக் கூடாது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், தானாக வருவான். காவலுக்கு என்று எழுதியிருந்தாய். காவலுக்கு என்றால் தோட்டத்தில் ராத்திரி தனியாகவா? அவரிடம் கேட்டாயா? என்ன தோட்டம், எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒன்றையும் கேட்டிருக்க மாட்டாய். பால்கனி போய்த் தோட்டம், அவ்வளவுதான் உனக்கு. ஒன்றரை வருடம் வளர்த்தாயே, அவன் சந்தோஷமாக இருக்கும்போது வலது காது மட்டும் பின்னால் மடங்கும் என்பதாவது உனக்குத் தெரியுமா?

போகட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் ஒரு குற்றமும் செய்யாதவள். ரங்கநாதர் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குத் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அருளட்டும்.

கோபம் தீராத உன் அக்கா,
அனுசுயா

பி.கு: உறையை ஒட்டித் தபாலாபீசுக்குப் போனேன். டாலரும் வந்தான். வழியில் என்ன தோன்றியதோ, கார்ப்பரேஷன் ஆபீஸுக்குள் நுழைந்து, நாய் வளர்ப்பதற்கு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரும் மூலத்தோப்பு விலாசமும் இருக்கின்றன, ரப்பர் ஸ்டாம்பு போட்டாயிற்று. மணப்பாறைக்காரரிடம் வேறு நாய் பார்க்கச் சொல்லிவிடு. அதற்காகத்தான் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நீ வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பாடு போடுகிறேன். ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் காலிங் பெல்லை அடிக்காதே. அவன் தூங்குவான்.